சுளையக்காவின் ஒரே கேள்வி

ஆரஞ்சுப் பழத்தின் தோலில் கட்டைவிரல் நகத்தை இறக்கிக்கொண்டே, "இப்ப தேடுங்க" என்றாள் சுளையக்கா. முன்னால் கணினியில் உட்கார்ந்திருந்த, புத்தகத்துக்குப் பக்கம் கட்டும் பெண் 'தவளை' என்று தட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பின்னால் நின்றவளின் விரலும் பழத்தைச் சுற்ற ஆரம்பித்தது. தோல் அறுபடாமல் ஒரே நாடாவாக இறங்கியது. தோல் முடிந்தும் வட்டம் முடியவில்லை. வெள்ளை நாரை உரித்தாள். ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டு, நிதானமாக மென்று, விதையை உள்ளங்கையில் துப்பினாள். அடுத்த சுளைக்குக் கை போனபோதுதான் திரையில் முதல் தவளை வந்து குந்தியது.

"ஒரு தவளைக்கு ஒரு தோலும் ஒரு சுளையும். நேத்து இதே வேளைக்கு வெறும் தோல்தான். இன்னைக்கு ஆளுங்க நெறைய வந்திருக்காங்களோ?"

"நீங்க தின்னு முடிக்கறதுக்குள்ள எனக்குப் பசிச்சிருதுக்கா" என்றாள் பக்கம் கட்டுபவள்.

"இந்தாங்க, பாதி. நானும் எவ்வளவுதான் திங்கறது, உங்க ஆபீசு இருக்கற லட்சணத்துக்கு?"

வந்த மறுநாளே அந்த அலுவலகம் அவளுக்குச் 'சுளையக்கா' என்று பெயர் வைத்துவிட்டது. நேரத்தை அளக்க அவளிடம் வேறு வழி இல்லாமல் இல்லை. மடிக்கணினியைத் திறந்தால் ஒரு நொடியை ஆயிரம் துண்டாக நறுக்கிக் காட்டும். ஆனால் அந்த எண்ணைச் சொன்னால் யாருக்கு உறைக்கும்? 'உங்கள் ஆட்கள் ஒரு நாளைக்கு ஒரு கூடைப் பழம் தின்கிற நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்' என்றால் முதலாளிக்குப் பகீர் என்றிருக்கும். இதை விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நகத்தில் ஆரஞ்சு வாசனையோடு அவள் எத்தனை அலுவலகங்களைக் கரை சேர்த்திருக்கிறாள் என்று கேட்டுப் பார்த்தால் தெரியும்.

கம்ப்யூட்டர்கள் ஊர்ந்து போகிற இடத்துக்குப் போய், ஏன் ஊர்கின்றன என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் தொழில். முறையாகப் படித்து, பெரிய இடங்களில் வேலை பார்த்து, பிறகு தனியாகவே கிளம்பிவிட்டவள். அடக்கம் கிடக்கம் எல்லாம் அவளிடம் கிடையாது. "என்னைக் கூப்பிட்டாச்சுல்ல, இனிமே அது எங்க ஓடி ஒளியும்?" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவாள். 'மெதுவாக இருக்கிறது' என்ற பேச்சு மட்டும் அவள் காதில் விழக் கூடாது.

"மெதுவா இருக்கறதுன்னு உலகத்துல ஒண்ணு கிடையாதுங்க. அது காத்துக்கிட்டு இருக்கு. எதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு? அத மட்டும் சொல்லுங்க."

இந்த ஒரு கேள்விதான் அவள் மூலதனம். வீட்டிலும் இதே கூத்துதான். கடைக்குப் போனால் நீளமான வரிசையில் போய் நிற்பாள். கணவர் குட்டை வரிசையில் நிற்பார். "உங்க வரிசையில மொத ஆளு இன்னும் பையையே தொறக்கல பாருங்க" என்று அங்கிருந்தே சத்தம் போடுவாள். அவள் சாமானோடு வெளியே வந்து நின்ற பிறகுதான் அவர் முறை வரும். "உன்கூட வந்தா எனக்கு மானம் போறதுதான் மிச்சம்" என்பார். மகள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், சீக்கிரம் வா என்று அவள் கத்துவதில்லை. "உள்ள எதுக்குடி காத்திருக்கே, வெந்நீருக்கா துண்டுக்கா?" என்று கேட்பாள். மகள் துண்டை மறந்திருப்பாள்.

இந்தத் தடவை அவளைக் கூப்பிட்டது பள்ளிப் பாடப் புத்தகங்கள் போடுகிற ஓர் இடம். புத்தகத்துக்கு வேண்டிய படமெல்லாம் அங்கே ஒரு படக்களஞ்சியத்தில் இருக்கின்றன. எரிமலையின் வயிறு, தவளையின் குடல், ஆற்றின் வளைவு, நிலாவின் முதுகு என்று இல்லாத படம் இல்லை. களஞ்சியம் என்றால் அறையும் அலமாரியும் அல்ல, சர்வர் என்கிற இரும்புப் பெட்டி. மேசையில் உட்கார்ந்து ஒரு சொல்லைத் தட்டினால், அதற்குப் பொருத்தமான படங்களின் சின்ன நகல்களை முதலில் கொண்டுவந்து பரப்பும். பிடித்ததைத் தொட்டால் பெரிய படம் வரும். ஒரு தடவை செய்த சின்ன நகலைப் பத்திரமாக வைத்திருந்து, யார் கேட்டாலும் அதையே எடுத்து நீட்டும். துணிக்கடையில் முழுத் துணிச்சுருளையும் பிரிக்காமல் மாதிரித் துண்டைக் காட்டுவார்களே, அப்படி.

போன வருஷம்வரை நன்றாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. பிறகு இழுக்க ஆரம்பித்தது. இரும்புப் பெட்டியை மாற்றினார்கள், கம்பியை மாற்றினார்கள், நாற்காலியை மட்டும்தான் மாற்றவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பழி போய் விழுந்தது கதைக்காரன் தலையில்.

கதைக்காரன் என்றால் கதை எழுதுகிறவன் இல்லை. களஞ்சியத்துக்குப் பொறுப்பானவன். ஒவ்வொரு படத்தோடும் அந்தப் படத்தைப் பற்றி நாலு வரி எழுதி ஒட்டிவைப்பது அவன் வேலை. பார்வை இல்லாத பிள்ளைகளுக்கு அந்த நிறுவனம் பேசும் புத்தகங்கள் போடுகிறது. படம் வருகிற இடத்தில் இவன் எழுதிய வரிகளைத்தான் புத்தகம் பேசும். நாலு வரி என்று பெயர்தானே தவிர, இவன் பத்து வரிக்குக் குறைந்து எழுத மாட்டான். எழுதியதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் சொல்லிப் பார்ப்பான். அவளுக்குப் பிறந்ததிலிருந்து கண் தெரியாது. அவள் தலையாட்டினால்தான் அந்த வரி களஞ்சியத்துக்குள் போகும்.

தவளைக்கு இப்படி எழுதியிருந்தான்: 'உள்ளங்கையில் அடங்கும். நனைந்த சோப்புக்கட்டிபோல வழுக்கும். பின்னங்காலை மடக்குக் குடைபோல மடித்து வைத்திருக்கிறது, எந்த நேரமும் விரியலாம்.'

"வாய் தொறந்திருக்கா மூடியிருக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"மூடித்தான் இருக்கு. அது எதுக்கும்மா?"

"அதச் சொல்லுங்க மொதல்ல. சத்தம் போடப் போகுதா, சும்மா இருக்கப் போகுதான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அதையும் சேர்த்தான். இப்படியே எல்லாப் படத்துக்கும் எழுதி, மொத்தத்தையும் களஞ்சியத்தில் ஏற்றினான். ஏற்றிய வாரத்திலிருந்துதான் களஞ்சியம் இழுக்க ஆரம்பித்தது. சர்வரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அங்கே 'சர்வர் சார்' என்று பெயர். அவர் கெட்ட மனுஷன் இல்லை. கைக்கெட்டியதை எல்லாம் செய்து பார்த்துவிட்டார். "ஒவ்வொரு படத்துக்கும் இவ்வளவு எழுத்து இருந்தா, தேடும்போது அதையும் சேர்த்துத்தானே துழாவணும்? கதை பாரம்தான் இழுக்குது. வேற என்ன மாறிச்சு, நீங்களே சொல்லுங்க" என்றார். யாராலும் சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்தரம் வரிகளை எல்லாம் துடைத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. துடைத்தால் இந்த வருஷத்துப் பேசும் புத்தகங்கள், படம் வருகிற இடத்தில், 'இங்கே ஒரு படம் உள்ளது' என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாவிப் போகும்.

தனியாக எடுத்து வைத்துப் பிறகு ஒட்டலாமே என்று கதைக்காரன் கெஞ்சிப் பார்த்தான். பிரித்தால் எந்த வரி எந்தப் படத்துக்கு என்று மறுபடி பொருத்த வருஷம் ஆகும் என்று கைவிரித்துவிட்டார்கள். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. "ஏன் சரியா சாப்பிட மாட்டேங்கறீங்க, வாயி மூடியே இருக்கு?" என்று அவள் கேட்டபோதும் மழுப்பிவிட்டான். கடைசியாக ஒரு தடவை வெளியாளை விட்டுப் பார்த்துவிடலாம் என்று முதலாளியம்மா சொன்னதில்தான் சுளையக்கா வந்தாள்.

வந்ததும் கதைக்காரனைத்தான் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள்.

"தம்பி, மொதச் சந்தேகம் உங்க கதை மேலதான். உங்க மூஞ்சியப் பார்த்துட்டு அத மறைக்க மாட்டேன்."

களஞ்சியத்தை அப்படியே இன்னொரு பெட்டியில் நகலெடுக்கச் சொன்னாள். அந்த நகலில் மட்டும் வரிகளைத் துடைத்தாள். அவன் கண்முன்னால்தான் துடைத்தாள். நகல்தான் என்று தெரிந்தும் அவனால் பார்க்க முடியவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு எல்லோரையும் அந்த நகலில் வேலை செய்யச் சொல்லிவிட்டு, பழத்தைக் கையில் எடுத்தாள்.

தோல் இறங்கியது. நார் இறங்கியது. சுளையும் போயிற்று. வரி ஒன்றுகூட இல்லாத அந்தக் களஞ்சியமும் அதே இழுவைதான் இழுத்தது.

"உங்க கதை இல்ல தம்பி" என்றாள், வாயில் சுளையோடு.

சர்வர் சார் விடவில்லை. "கதை இல்லன்னா வேற எது மேடம்? அதக் காட்டுங்க, நான் துடைக்கிறத நிறுத்தறேன். காட்டலைன்னா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான்."

"நியாயம்தான்" என்றாள்.

அடுத்து அவள் கண் வைத்தது ஆட்களின் கை மேல். படம் வரத் தாமதமானால் பொறுமை இல்லாமல் மறுபடி மறுபடி பொத்தானை அமுக்குகிறார்கள், ஒரு கேள்வி பத்துக் கேள்வியாகப் பெருகி அடைத்துக்கொள்கிறது என்றாள். ஒரு காலைப் பொழுது முழுக்க, "ஒரு தடவதான் அமுக்கணும், யாரு ரெண்டாவது அமுக்கறாங்களோ அவங்க எனக்குப் பழம் வாங்கித் தரணும்" என்று மேசை மேசையாக மிரட்டிக்கொண்டு நடந்தாள். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். மத்தியானம் வந்து எல்லோர் முன்னாலும், "தப்பு என்னுது. இது காய்ச்சலோட கூட வந்த சளி. காய்ச்சல் வேற எங்கயோ இருக்கு" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தப்பு என்று தெரிந்ததில் ஒரு வழி அடைபட்டது, தேடுகிற இடம் குறைந்தது என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட.

அதற்கப்புறம் அவள் செய்ததைத்தான் கதைக்காரன் இன்றைக்கும் கண்ணை விரித்துக்கொண்டு சொல்கிறான். நாற்காலியை இழுத்துப் போட்டு மடிக்கணினியைத் திறந்தாள். திரை முழுக்கக் கோடுகள். குட்டையும் நெட்டையுமாக, ஒன்றன்கீழ் ஒன்று, மழைத்தண்ணீர் ஜன்னலில் வழிகிற மாதிரி ஓடிக்கொண்டே இருந்தன. அவனுக்கு அது வெறும் கிறுக்கல். அவளுக்கு அது ஆள் நிறைந்த நடைபாதை. யார் யாருக்கு வழிவிடுகிறார், யார் யார் காலை மிதிக்கிறார் என்று அவள் கண்ணில் ஓடுகிறது.

"தம்பி, கும்பலைப் பார்த்தா ஒண்ணும் வெளங்காது. ஒரே ஒரு தவளையப் புடிச்சுக்கிட்டு அது கூடவே நடப்போம், வாங்க."

நடந்தாள். விரலைத் திரையில் வைத்து, ஒரு தவளையின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிற மாதிரிதான் இருந்தது.

"இங்க அந்தப் பொண்ணு 'தவளை'ன்னு கேக்குது. கேட்டது சர்வருக்குப் போயிருச்சு, கண்ண மூடித் தொறக்கல. இங்க உங்க கதையைத் துழாவுது, துழாவி முடிச்சிருச்சு. பாருங்க, எவ்வளவு குட்டிக் கோடு! பாவம், இதப் போயி பாரம்ங்கறாங்க. இங்க தவளையோட சின்ன நகல் ரெடி. சட்டை மாட்டி, தலை சீவி ரெடி." விரல் நின்றது. "ரெடியானது ஏன் கெளம்பல? எதுக்காகக் காத்திருக்கு?"

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். அந்த அறையில் இருந்தவர்களுக்கு அதுவே பெரிய விஷயமாகத் தெரிந்தது. பக்கம் கட்டுபவள் எழுந்து வந்தாள். சர்வர் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

படங்களை எடுத்து நீட்டுகிற வேலைக்குச் சர்வருக்குள் சில கைகள்தான் உண்டு. அந்தக் கைகள் அத்தனையும் வேறு எதையோ தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. தவளை அவற்றுக்குப் பின்னால் நின்றது. தவளைக்குப் பின்னால் எரிமலை, அதற்குப் பின்னால் ஆறு. சுளையக்கா ஒவ்வொரு கையாகத் தொட்டாள், நீ எதைத் தூக்கியிருக்கிறாய் என்று. முதல் கையில் ஒரு படம். அடுத்த கையிலும் அதே படம். அதற்கடுத்த கையிலும் அதேதான். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்த ஒரே படம், முழு உயரத்தில், எடுத்துவரப்பட்டு, அங்கேயே மடக்கிச் சுருக்கப்பட்டு, நீட்டப்பட்டு, மறக்கப்பட்டு, அடுத்த ஆளுக்காக மறுபடி முதலிலிருந்து எடுத்துவரப்பட்டது.

"ஒரு வாய் தண்ணி கேட்டா, ஒவ்வொரு தடவையும் மாடித் தொட்டியையே கழட்டிக்கிட்டு வருது" என்றாள் மெதுவாக. குரலில் குற்றம் இல்லை. ஏதோ பெரிய மலையைப் பார்த்தவள் குரல். "எவ்வளவு பெரிய படம்! இது யாருங்க?"

கதைக்காரன் அந்தப் படத்தைத் திறந்தான். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நிறுவனத்தை ஆரம்பித்தவர். முதலாளியம்மாவின் அப்பா. போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். யாரோ ஓர் ஓவியர் ஆளுயரத்துக்குத் தீட்டியிருந்த படத்தை, சட்டை நூலை எண்ணுகிற அளவுக்குத் துல்லியமாக நகலெடுத்து, களஞ்சியத்தின் எல்லாப் பக்கத்துக்கும் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். அது அங்கே இருப்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பார்த்துப் பார்த்துப் பார்க்காமலும் ஆகிவிட்டார்கள்.

"இந்தப் படத்துக்கு மட்டும் சின்ன நகல் ஏன் இல்ல?" என்று சுளையக்கா கேட்டாள்.

சர்வர் சாருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "அம்மாதான் சொன்னாங்க. அப்பா படத்தை வெக்கணும், ஆனா அப்பாவைச் சின்னதாக்கக் கூடாதுன்னு. அழுதுகிட்டே சொன்னாங்க மேடம். நான் அந்தப் படத்துக்குச் சின்ன நகல் எடுக்கறதையே நிறுத்தி வெச்சேன். சொன்னபடி செஞ்சேன்."

"எப்ப?"

"கதை ஏத்தின அதே வாரம்தான்."

"என்ன மாறிச்சுன்னு கேட்டப்ப ஏங்க சொல்லல?"

"அது மாத்தமா மேடம்? அது துக்கம்."

ஒரு சாவை யாராவது சர்வரில் செய்த மாற்றம் என்று எண்ணுவார்களா? சுளையக்கா அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"சரி, இத யாரு அம்மாகிட்ட சொல்றது?" என்றார் அவர்.

"நான் இல்ல" என்றாள் பக்கம் கட்டுபவள். "பெரியவரச் சின்னதாக்குங்கன்னு சொன்னா, நம்மளச் சின்னதாக்கிருவாங்க."

"என்னைக் கூப்பிட்டது அவங்கதான். நான் சொல்றேன்" என்று எழுந்தாள் சுளையக்கா. கதைக்காரனும் பின்னாலேயே போனான். துடைக்கப் போவது அவன் வரிகளை அல்லவா?

மாடி அறையில் முதலாளியம்மா எல்லாவற்றையும் கேட்டார். முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"அப்ப எங்கப்பாதான் எல்லாத்தையும் மறிச்சுக்கிட்டு நிக்கிறாருங்கறீங்களா?"

"அப்படிச் சொல்லலம்மா."

"வேற எப்படி? அவர் ஆரம்பிச்ச எடம். அவரச் சுருக்கி ஒரு ஓரத்துல ஒட்டணுமா? வேணாம். முடிவு பண்ணினது பண்ணினதாவே இருக்கட்டும். கதையைத் துடைச்சிட்டுப் பாருங்க."

"கதையைத் துடைச்சுப் பார்த்தாச்சும்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. துடைச்சா கண்ணு தெரியாத புள்ளைங்களுக்குப் படமே இல்லாமப் போகும், உங்க ஆபீசு இப்படியேதான் இருக்கும்."

"நான் யோசிச்சுச் சொல்றேன். நீங்க கெளம்பலாம்."

கிளம்பலாம் என்றால் வேறு யாராக இருந்தாலும் கிளம்பியிருப்பார்கள். சுளையக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு இன்னும் நன்றாக உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்கப்பா யாரையும் மறிக்கல. நான் பார்த்தேன். இங்க யாரு ஒரு பக்கத்தத் தொறந்தாலும், கடைக்கோடி மேசையில புதுசா சேர்ந்த ஆளு தொறந்தாலும், அவரு முழுசா எந்திரிச்சு வர்றாரு. சட்டைப் பொத்தான் நூல் வரைக்கும் முழுசா. வந்து நின்னுட்டுப் போறாரு. அடுத்த ஆளு தொறந்தா மறுபடி வர்றாரு. காலையில தொடங்கி எல்லாரும் வீட்டுக்குப் போற வரைக்கும் இதே வேலை. ஒரு வருஷமா. எனக்குப் பார்த்ததும் கும்பிடத்தான் தோணுச்சு. அவரக் கொஞ்சம் உக்கார விடுங்கம்மா."

முதலாளியம்மா மேசை மேல் கிடந்த கைக்குட்டையை எடுத்தார், வைத்தார். கதைக்காரன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். திடீரென்று சிரிப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்.

"உசுரோட இருந்தப்பவும் அப்படித்தான். தபால் குடுக்க யாராவது வந்தாக்கூட எந்திரிச்சு நிப்பாரு. உக்காருங்கப்பா, முட்டி வலிக்கும்னு நான் கத்துவேன். கேக்கவே மாட்டாரு."

"பெரிய படம் எங்கயும் போகாது. பத்திரமா உள்ள இருக்கும். கூப்பிட்டா மட்டும் வருவாரு. வாசல்ல நிக்க ஒரு சின்ன நகல் போதும்."

"சின்னதுன்னு சொல்லாதீங்க."

"சரி, சொல்லல."

"உக்காரச் சொல்லுங்க" என்றார் முதலாளியம்மா. பிறகு கதைக்காரனைப் பார்த்து, "உங்க எழுத்துல யாரும் கை வைக்க மாட்டாங்க. போங்க" என்றார்.

சர்வர் சார் செய்தது ஒரு சின்னத் திருத்தம்தான். செய்து முடித்து, "இப்ப பாருங்க" என்றார். பக்கம் கட்டுபவள் 'எரிமலை' என்று தட்டி, பொத்தானை அமுக்கிவிட்டு, பழக்க தோஷத்தில் தேநீர்க் கோப்பையை எடுக்கத் திரும்பினாள். கோப்பையைத் தொடுவதற்குள் எரிமலைகள் வந்து நின்றுவிட்டன. "ஐயோ!" என்றாள், யாரோ முதுகில் தட்டியது மாதிரி. பக்கத்து மேசையில் 'ஐயோ', அதற்குப் பக்கத்து மேசையில் 'ஏய், இங்க பாரு'. அலுவலகம் முழுக்க ஆட்கள் வேண்டாத சொற்களை எல்லாம் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். குதிரை, நுரையீரல், முக்கோணம், கப்பல். கேட்பதற்கு முன்பே வருகிற மாதிரி வந்தன. வருஷம் முழுக்கக் காத்துக் காத்துப் பழகிய கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சர்வர் சார் ஒரு மூலையில் நின்றுகொண்டு, வரிசை காலியாகக் கிடக்கிற திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடுகள் எல்லாம் எறும்பு அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தன. "அழகா இருக்குல்ல?" என்றாள் சுளையக்கா. அவர் தலையாட்டினார்.

கதைக்காரன் மனைவிக்குப் போன் போட்டு நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொன்னான். மறைத்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டான். அதெல்லாம் முடிந்து, அவள் ஒன்று கேட்டாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"அக்கா, அவ ஒண்ணு கேக்கறா. அந்தப் பெரியவரு எப்படி இருப்பாருன்னு."

"சொல்ல வேண்டியதுதானே? உங்க கதையப் படிச்சுக் காட்டுங்க."

"அவருக்கு நான் எழுதவே இல்லக்கா. எல்லாத்துக்கும் எழுதினேன். அவர் படத்துக்குக் கீழ மட்டும் ஒண்ணும் இல்ல. புத்தகத்துல வராத படம்தானேன்னு யாரும் கேக்கல, நானும் எழுதல."

முதலாளியம்மா எப்போது கீழே இறங்கி வந்தார் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். "இப்ப சொல்லுங்களேன்" என்றார். "நானும் கேக்கறேன்."

அவன் போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்தான். பெரிய படத்தைத் திறந்தான். அதுவும் கூப்பிட்டதும் வந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நெடுநேரம் பார்த்தான். அந்த நேரம் பார்த்துச் சுளையக்காவின் போன் அலற ஆரம்பித்தது. அடுத்த அலுவலகம். அங்கேயும் என்னவோ ஊர்ந்துகொண்டிருந்தது, அவளுக்காக வண்டி அனுப்பியிருந்தார்கள். கீழே ஹாரன் சத்தம் கேட்டது.

"ஒரு பெரியவரு" என்று தொடங்கினான் கதைக்காரன். "நாற்காலியில நல்லா சாஞ்சு உக்காந்திருக்காரு. ரெண்டு கையும் மடியில இருக்கு..."

"வாய் தொறந்திருக்கா மூடியிருக்கா?" என்றது போன்.

சுளையக்கா தன் போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள். தோளில் மாட்டிய பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, காதை அவன் பக்கமாகச் சாய்த்தாள்.